பன்னிரண்டு ஜோடி

"உனக்கு எண்ணத் தெரியுமா?"

வந்து இறங்கிய மறுநாள் படகுக்காரர் சின்னவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேலியாகக் கேட்கவில்லை. படகின் மூக்கில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? ஒன்பதாவது வரைக்கும் படிச்சிருக்கா. கணக்குல எண்பதுக்குக் கீழே எடுத்ததே இல்ல."

"நான் கணக்கைக் கேக்கலம்மா. ஆளை எண்ணத் தெரியுமான்னு கேட்டேன். அது வேற."

"போங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்று அக்கா சிரித்தாள். படகுக்காரர் சிரிக்கவில்லை.

அக்கா இருக்கும் இடத்தில் சின்னவள் பேசவேண்டிய தேவை வந்ததே கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் ஒருநாள் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார். புத்தகத்தைப் பிடித்தபடி அந்த வகுப்பு முடியும்வரை நின்றாள். ஓர் எழுத்து வெளியே வரவில்லை. மறுநாள் வயிற்றுவலி என்றாள். அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. பத்து நாள் கழித்து அக்காவே போய் டீச்சரிடம் பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "சரி விடு, நான் இருக்கேன்ல" என்றாள். அதோடு படிப்பு முடிந்தது. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, டாக்டரிடம் இவளுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வதுகூட அக்காதான். விசா ஆபீஸில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இவளைப் பார்த்துத்தான், "நீ எதுக்குப் போறே?" என்று கேட்டார். பதில் அக்கா வாயிலிருந்து வந்தது.

அக்காவின் கணவரை அவள் மாமா என்று கூப்பிடுவாள். மாமா அவளுக்கு வைத்திருந்த பெயர் ஊமைக்கோட்டான். பாசத்தில் வைத்ததுதான்.

மாமா பதினாறு வருஷம் அடுத்தவன் வேனில் அடுத்தவன் ஆட்களை ஏற்றிக்கொண்டு அருவியும் அணையும் காட்டியவர். "எத்தனை நாளைக்கு இன்னொருத்தன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுத் தொங்குறது?" என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோதே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இனி இந்த மனுஷன் கட்டிப்போட்டாலும் நிற்கமாட்டார் என்று. வேனில் வந்த பயணி ஒருவர் இந்த நாட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார். வருஷம் முழுக்க வெயில், வாசலில் கடல், வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை, சின்னதாக ஒரு தங்கும் வீடும் ஒரு படகும் இருந்தால் ராஜா மாதிரி இருக்கலாம். இருந்த வீட்டை விற்றுவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். திரும்பிப் போவதென்றால் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது.

வந்து சேர்ந்த வீட்டில் மாடியில் நான்கு அறைகள். கீழே கூடம், அதை ஒட்டிச் சமையல்கட்டு, பின்கதவைத் திறந்தால் மணலில் இறங்கும் படிகள். முன்பு இதை நடத்தியவர்கள் சாமான்களை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கட்டில்கள், மின்விசிறிகள், போன வருஷத்து மாதம் ஒன்றில் நின்றுபோன காலண்டர். குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே பாதி பிதுக்கிய பற்பசை, மூடிகூடப் போடாமல்.

"பாத்தியா, எதுவும் வாங்க வேண்டியதே இல்ல" என்று அக்கா பூரித்துப்போனாள்.

சின்னவளுக்கு அந்தப் பற்பசையைப் பார்த்ததும் என்னவோ செய்தது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் மூடியைத் திறந்து போட்டுவிட்டா போவார்கள்? அக்காவின் காதில் முணுமுணுத்தாள். அக்கா படகுக்காரரிடம் கேட்டாள்.

"போயிட்டாங்க" என்றார்.

"எங்கே?"

"போயிட்டாங்கம்மா."

படகுக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய முன்னோர் யாரோ எப்போதோ கப்பலில் வந்து இறங்கியவர்களாம். அந்தக் கரையில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய; கடைத்தெருவில் நடந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழ் காதில் விழும். படகு அவருடையது. தொழில் மாமாவுடையது. தொழில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு மணல்திட்டு.

கரையிலிருந்து படகில் இருபது நிமிஷம். தண்ணீர் வற்றும்போது நடுக்கடலில் பிறை மாதிரி வெள்ளைவெளேரென்று மணல் எழும்பும். ஒரு முனையில் படகு ஒதுங்கலாம். மறுமுனையில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறைக் குவியல், அதன்மேல் கப்பல்களை எச்சரிக்க நட்ட இரும்புக் கம்பம். மூன்று மணிநேரம் அந்தத் திட்டில் நடக்கலாம், படுக்கலாம், சுற்றிலும் கடல் தெரியப் படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு தண்ணீர் ஏறும். முதலில் நடுவில் உடையும், அப்புறம் விளிம்புகள் கரையும், கடைசியில் பாறையும் முழுகிக் கம்பம் மட்டும் நிற்கும்.

"தினமும் பொறந்து தினமும் சாகிற இடம்" என்றார் படகுக்காரர் முதல்நாள்.

"இதை வர்றவங்ககிட்டச் சொல்லிடாதீங்க" என்றார் மாமா. "பொறக்குறதை மட்டும் சொல்லுங்க."

அரசாங்கம் கொடுத்த அனுமதி மூன்று மாதத்துக்கு மட்டும். படகில் பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. ஏதாவது ஒரு புகார் வந்தால் அனுமதியும் போகும், விசாவும் போகும். அந்தக் காகிதத்தை மாமா சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்.

ஆளை எண்ணுவது சின்னவளின் வேலை. மாமா படகில் போய்விடுவார், அக்கா அடுப்படியை விட்டு நகரமுடியாது. முதல் இரண்டு நாள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பெயர் எழுதிய பட்டியலை நம்பமுடியாது. வருகிறேன் என்றவர் தூங்கிவிடுவார், வராதவரின் தம்பி வந்து நிற்பார். எண்ணலாம் என்றால் ஒருவர் இடத்தில் நிற்பதில்லை. முகத்தைப் பார்த்து, விரலை நீட்டி, ஒன்று இரண்டு என்று சொல்வதற்குள் அந்த முகம் இவளைத் திருப்பிப் பார்த்துச் சிரிக்கும். அவ்வளவுதான், எண்ணிக்கை எங்கே போனது என்றே தெரியாது.

மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. படகின் அடிப்பலகை கீறும் என்பதால் எல்லோரும் செருப்பைப் பின்கதவோரத் தட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் படகேறுவார்கள். அம்மா உயிரோடு இருந்தபோது சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, வாசலில் கிடக்கும் செருப்பைக்கொண்டே யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடுவாள். ஒருநாளும் தப்பியதில்லை. செருப்பு நகராது. செருப்பு திரும்பிப் பார்க்காது. படகு போன பிறகு, யாரும் இல்லாத நேரத்தில், நிதானமாக எண்ணலாம்.

எண்ணி, மாமாவின் போனுக்கு எண்ணை மட்டும் அனுப்புவாள். திட்டிலிருந்து கிளம்பும்போது மாமா தலைகளை அந்த எண்ணோடு சரிபார்ப்பார். கரைக்கு வந்ததும் தட்டு காலியாக வேண்டும். மூன்று வாரம் ஒரு பிசகு இல்லை.

"ஊமைக்கோட்டான் மூளையைப் பாத்தியாடி! நீ பேசுற பேச்சுல பத்துல ஒரு பங்குகூட இவ பேசமாட்டா, ஆனா யோசனை யாருக்கு வந்துது?" என்று மாமா அக்காவைச் சீண்டினார்.

"என் தங்கச்சியாச்சே" என்றாள் அக்கா, தானே கண்டுபிடித்த மாதிரி.

படகுக்காரருக்கு மட்டும் பிடிக்கவில்லை. "மனுஷனை எண்ணுங்க. செருப்பை எண்ணாதீங்க" என்று ஒருமுறை சொன்னார். ஏன் என்று மாமா கேட்டதற்கு அவருக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. விட்டுவிட்டார்.

அன்றைக்கு வீடே அல்லோலகல்லோலப்பட்டது. பதினொரு மணிக்கு ஏஜென்சிக்காரர் வருகிறார். பெரிய ஊரில் ஆபீஸ் வைத்து வெளிநாட்டுக் கூட்டத்தை வாரம் தவறாமல் கரைக்கு அனுப்புகிறவர். வீட்டைப் பார்ப்பார், சாப்பிடுவார், பிடித்திருந்தால் அவருடைய ஆட்கள் இனி இங்கேதான். அக்கா விடியும் முன்பே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். சின்னவள் மாடியில் நான்கு அறைகளின் விரிப்புகளையும் உருவி மாற்றிக்கொண்டிருந்தாள். கீழே ஆட்கள் கூடும் சத்தமும், அக்கா யாரிடமோ, "அட வாங்க, வாங்க" என்று சிரிப்பதும் கேட்டது. இவள் இறங்கி வரும்போது படகு கிளம்பிவிட்டிருந்தது.

தட்டைப் பார்த்தாள். முந்தின நாள் பெயர் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அவளுக்கு ஞாபகம் இருந்தார்கள். ஒரு பெரிய குடும்பத்துக்குரிய ஏழு ஜோடி, அதில் ஒன்று மிதித்தால் விளக்கு எரியும் குழந்தைச் செருப்பு. இரண்டு இளம் தம்பதிகள், நான்கு ஜோடி. கேமராவோடு தனியாக வந்தவரின் கனமான ஷூ ஒரு ஜோடி. பன்னிரண்டு. அனுப்பினாள்.

பத்தே காலுக்குப் படகு திரும்பியது. கதவுக்குப் பின்னால் நின்றபடி அவள் பாதங்களைப் பார்த்தாள். ஈர மணலோடு படியேறின, செருப்புக்குள் நுழைந்தன, போயின. கடைசியாகக் குழந்தைச் செருப்பு விளக்கை மினுக்கிக்கொண்டே போனது. தட்டு காலி. ஈரத்துணியால் துடைத்து வைத்தாள். காலித் தட்டைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி. படகுக்காரர் படகைக் கட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

ஏஜென்சிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் ஒரு தோல் கோப்பு. கூடத்தில் உட்கார்ந்து, மின்விசிறிக்குக் கீழே சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவரும் அந்தக் கரைக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து போனவர்தான். மாமாவிடம் தமிழிலேயே பேச ஆரம்பித்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

சின்னவள் சமையல்கட்டை ஒட்டிய சந்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள். அன்றன்றைக்கு எடுத்த படங்களில் நல்லதாக நாலைப் பொறுக்கி இணையத்தில் போடுவதும் அவள் வேலை. மாமா போகும்போது ஒரு கூட்டுப்படம், வரும்போது ஒரு கூட்டுப்படம் எடுத்து, மற்றவற்றோடு சேர்த்து அவளுக்கு அனுப்பிவிடுவார். போகும்போது எடுத்ததில் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண், முப்பது வயதிருக்கும், படகின் விளிம்பைப் பிடித்தபடி தூக்கக் கலக்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த முகத்தை யாரோடு சேர்ப்பது? குடும்பத்தோடும் இல்லை, தம்பதிகளோடும் இல்லை. சின்னவள் படத்தைப் பெரிதாக்கினாள். பெண்ணின் கால்கள் பலகைமேல் தெரிந்தன. வெறுங்கால். மற்றவர்களுடையதும் வெறுங்கால்தான், செருப்பைக் கழற்றியதால். ஆனால் இவளுடைய கணுக்கால் வரை மணல் ஒட்டியிருந்தது. செருப்பே இல்லாமல் கரையோரமாகவே நடந்து வந்து ஏறியவளின் கால்.

எண்ணினாள். நகத்தை ஒவ்வொரு தலையின்மேலும் வைத்து எண்ணினாள். பதிமூன்று.

வரும்போது எடுத்த படத்தைத் தள்ளினாள். பன்னிரண்டு. ஓரத்தில், நீலச் சட்டை இருந்த இடத்தில், கேமராக்காரரின் பை இருந்தது.

நடுவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். குழந்தை மணல்வீடு கட்டும் படம் ஒன்றில், குழந்தையின் தலைக்கு மேலே, வெகுதூரத்தில், பாறைக் குவியலை நோக்கி ஒரு நீலப்புள்ளி நடந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கடுத்த படங்கள் எதிலும் நீலம் இல்லை.

போனின் மேல்மூலையில் மணி பதினொன்று இருபது. சந்தின் ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. காலையில் வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் இப்போது வெளிர்ப்பச்சையாக ஒரு தடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் நிறம் கருத்தது.

சமையல்கட்டுக்கு ஓடினாள். அக்கா பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு மாற்றி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா. பதிமூணு பேர்."

"மெதுவாடி!" அக்கா கூடத்துப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "ஆமா, பதிமூணுதான். கரையில நடந்து வந்தா ஒருத்தி. நர்ஸாம். நைட் டூட்டி முடிச்சு ரெண்டு நாள் லீவுல வந்திருக்காளாம். தனியா வேற. எனக்கும் ஒரு இடம் இருக்குமாக்கான்னு கேட்டா, எப்படி இல்லைன்னு சொல்றது? ஏறும்மான்னுட்டேன். இதை மாமாகிட்டச் சொல்லித் தொலைக்காதே. பன்னிரண்டுக்கு மேல ஏத்தினோம்னு அந்த ஆள் காதுல விழுந்தா அவ்வளவுதான், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

"திரும்பறப்போ பன்னிரண்டுக்கா."

கரண்டி நின்றது. அக்கா போனை வாங்கவில்லை. இவள் நீட்டிய கையையும் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தாள்.

"குனிஞ்சிருப்பா" என்றாள்.

"இல்லக்கா. எல்லாப் படத்துலயும் பாத்தேன்."

"கரையில இறங்கி அப்படியே நடந்து போயிருப்பாடி. வந்த மாதிரியே. நீ என்ன கண்டே?" அக்காவின் குரல் தாழ்ந்தது. "இங்க பாரு சின்னு. அந்த ஆள் போற வரைக்கும் வாயைத் திறக்காதே. அரை மணி நேரம். சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவார். அப்புறம் பாத்துக்கலாம். என் கண்ணுல்ல."

சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அக்கா கூடத்துக்குப் போனாள். போகும்போதே முகத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

சின்னவள் கூடத்து வாசல் திரைக்குப் பின்னால் நின்றாள். வெளியே போகவேண்டும், மாமாவைக் கூப்பிடவேண்டும், மாமா ஒருத்தங்க வரல என்று சொல்லவேண்டும். மூன்றே சொல். அவற்றை மனசுக்குள் வரிசையாக அடுக்கினாள். அடுக்கி முடிப்பதற்குள், பாடப்புத்தகத்தைப் பிடித்தபடி நின்ற அந்த வகுப்பறை கண்முன்னே வந்தது. இப்போது, இதோ இப்போது, அவர் இந்தக் கவளத்தை விழுங்கியதும், என்று தள்ளிக்கொண்டே போனாள். கூடத்துச் சுவர்க்கடிகாரம் திரையின் விளிம்பில் தெரிந்தது. பதினொன்று முப்பத்தைந்து.

"கடல் விஷயத்துல எனக்கு ஒரே பயம்தான்" என்று ஏஜென்சிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆள் விட்டுப்போறது. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் எங்கேயாவது நடக்குது. அதனாலதான் புது ஆளுங்ககிட்டக் கொடுக்க யோசிக்கிறேன்."

"நம்மகிட்ட அதுக்கு ஒரு முறை இருக்கு சார்." மாமாவின் நாற்காலி கிறீச்சிட்டது. செருப்புத் தட்டைப் பற்றி அவர் விவரித்தார். கையை ஆட்டி ஆட்டி, கதை மாதிரி. "என் மச்சினி யோசனை சார். வாயில்லாப் பூச்சி. ஆனா மூளை கம்ப்யூட்டர். ஏய் ஊமைக்கோட்டான், இங்க வா!"

அக்கா திரையை விலக்கினாள். சின்னவள் வெளிச்சத்தில் வந்து நின்றாள். போன் கையில் வேர்த்துப் பிசுபிசுத்தது.

"நீதானா அது?" ஏஜென்சிக்காரர் நல்ல மனுஷன், முகம் முழுக்கச் சிரித்தார். "சரி, சொல்லு பாப்போம். இன்னைக்கு எத்தனை பேர் போனாங்க?"

இப்படி ஒரு வாய்ப்பை யாரும் தட்டில் வைத்து நீட்டமாட்டார்கள். மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். மின்விசிறி சுற்றியது. அவள் உதடு பிரிந்தது. ப என்ற எழுத்து நாக்கு வரை வந்து நின்றது. அதற்குப் பின்னால் வரவேண்டியது பன்னிரண்டா பதிமூன்றா என்று அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது.

"பன்னிரண்டு சார்" என்றாள் அக்கா. "வெக்கப்படுறா."

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். ஏஜென்சிக்காரரும் சிரித்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பினார்.

சின்னவள் பின்பக்கமாகவே நகர்ந்து, திரையைத் தாண்டி, சந்தைத் தாண்டி, பின்கதவால் வெளியே வந்தாள். மணல் காலைச் சுட்டது. ஓடினாள். தென்னைகளுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட வீட்டில் படகுக்காரர் பெஞ்சில் கைமடித்துப் படுத்திருந்தார். அவரை எப்படி எழுப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. தோளைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும்.

"ஒருத்தங்க வரல" என்றாள். வந்துவிட்டது. "திட்டுல இருக்காங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு படங்களையும் காட்டினாள். தூக்கம் அந்த முகத்திலிருந்து ஒரு நொடியில் வடிந்தது.

"எப்போ பாத்தே?"

"பதினொன்னு இருபதுக்கு."

அவர் வாசலுக்கு வந்து நிழலின் நீளத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆகப்போகிறது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கப் பொறுமை இல்லாமல் அறுத்தார்.

படகு அலைமேல் குதித்துக் குதித்துப் போயிற்று. பாதிவழியில்தான் அவர் வாயைத் திறந்தார்.

"நான் இன்ஜின்கிட்ட உக்காந்திருந்தேன். எல்லார் முதுகையும்தான் பாத்தேன். எல்லாரும் வந்தாச்சான்னு கேட்டேன். உங்க மாமா பன்னிரண்டு, சரியா இருக்குன்னார். நானாவது எண்ணியிருக்கலாம்."

பன்னிரண்டு என்ற எண் யாருடையது என்று அவர் சொல்லவில்லை.

திட்டு இருந்த இடத்தில் திட்டு இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே நிறத்தில் கடல். அவ்வளவு அமைதியாக, அவ்வளவு அழகாக இருந்தது, விளம்பரத்துக்குப் படம் எடுக்கலாம் போல. தூரத்தில் கம்பம் மட்டும் தெரிந்தது. கம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. படகுக்காரர் வேகத்தைக் குறைத்தார். பாறை எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். சுற்றி வளைத்துத்தான் நெருங்கமுடியும். சின்னவள் படகின் மூக்கில் முழங்காலிட்டுக் கம்பத்தையே பார்த்தாள். கிழிந்த கொடி மாதிரி ஏதோ நீரில் அலைந்தது. நீலம்.

கம்பத்தின் மறுபக்கம் அவள் இருந்தாள். தண்ணீர் மார்புக்கு மேல். கழுத்தில் போட்டிருந்த துப்பட்டாவால் தன்னையும் கம்பத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தாள், முடிச்சுக்குமேல் முடிச்சாக, மயங்கினாலும் விழாதபடி. கம்பத்தில் ஒட்டியிருந்த சிப்பிகள் இரண்டு முழங்கையையும் கிழித்திருந்தன. படகைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை. கத்தும் குரலெல்லாம் முன்பே தீர்ந்துபோயிருந்தது. படகுக்காரர் குதித்து முடிச்சை அறுத்தார். சின்னவள் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். படகில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தபோது நர்ஸம்மா பாட்டிலை அவளிடமிருந்து வாங்கவில்லை. பாட்டிலோடு அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குடித்தாள். கரை வரும்வரை அந்தக் கையை விடவில்லை.

கரையில் மூன்று பேரும் படியடியில் நின்றார்கள். படகைக் காணோம் என்று மாமா தேடியிருக்க வேண்டும். ஏஜென்சிக்காரர் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். அக்கா கையில் ஒரு துண்டு. யாரும் சொல்லாமலே அவள் துண்டோடு வந்து நின்றிருந்தாள்.

மாமா தண்ணீரில் இறங்கி ஓடிவந்தார். நர்ஸம்மாவின் முழங்கையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ஆனால் வாய் தன் வேலையை விடவில்லை.

"கும்பிடுற சாமி காப்பாத்திச்சும்மா! தெரிஞ்ச நிமிஷமே படகை அனுப்பிட்டேன். ஒரு நிமிஷம் தாமதிக்கல. உள்ளே வாங்க, டாக்டரைக் கூப்பிடுறேன், எத்தனை நாள் வேணும்னாலும் இங்கேயே தங்குங்க..."

நர்ஸம்மா கடைசிப் படியில் உட்கார்ந்தாள். கேட்பதற்கு ஒரு மிடறு தண்ணீர் வேண்டியிருந்தது.

"எப்போ தெரிஞ்சுது?"

"இப்பதாம்மா. இப்ப, ஒரு பத்து நிமிஷம்..."

"பதினொன்னு இருபதுக்கு" என்றாள் சின்னவள்.

மாமா திரும்பிப் பார்த்தார். அந்தக் குரலை அவர் இத்தனை உரக்கக் கேட்டதில்லை.

"இப்ப என்ன மணி?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

ஏஜென்சிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணு அஞ்சு."

"பதினொன்னு இருபது." நர்ஸம்மா யோசித்தாள். கோபமில்லாமல், நோயாளியின் காய்ச்சலைக் குறித்துக்கொள்கிறவள் மாதிரி. "அப்போ தண்ணி என் முழங்காலுக்கு இருந்திருக்கும். பாறைக்குப் பின்னால நிழல் இருந்துது, கண் அசந்துட்டேன். எழுந்து பாத்தா படகு இல்ல. எண்ணுவாங்க, வந்துடுவாங்கன்னு நினைச்சேன். இடுப்புக்கு வந்தப்பதான் துப்பட்டாவைக் கட்டினேன்." சின்னவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

அலை வந்து மாமாவின் காலைச் சுற்றிவிட்டுப் போயிற்று.

"இந்த அக்காகிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றாள் நர்ஸம்மா. அக்காவைக் காட்டிச் சொன்னாள். "எவ்வளவு ஆசையா ஏத்திவிட்டாங்க. இவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு நிமிஷம் விட்டிருப்பாங்களா?"

ஏஜென்சிக்காரர் அக்காவைப் பார்த்தார். மாமா அக்காவைப் பார்த்தார். படகுக்காரர் படகிலிருந்தே பார்த்தார்.

சின்னவளும் பார்த்தாள். அக்காவின் உதடு அசைந்தது. அவள் பேசப்போகிறாள் என்று சின்னவள் காத்திருந்தாள். இவளுக்காக எல்லா இடத்திலும், எல்லாரிடமும், கேட்பதற்கு முன்பே பேசியவள். இப்போது ஒரே ஒரு வாக்கியம், நான்தான் அரை மணி நேரம் பொறுக்கச் சொன்னேன் என்று. ஓர் அலை வந்தது, போயிற்று. இன்னொன்று வந்தது. அக்காவின் கண் துண்டின் கரையில் இருந்தது.

"சொல்லல" என்றாள் சின்னவள். "யார்கிட்டயும் சொல்லல. வாய் வரல."

"பாவி!" மாமாவின் கை ஓங்கிப் பாதியில் நின்றது. "ஒரு உயிர்டி! முப்பது பேச்சு வேண்டாம், ஒரு பேச்சுப் பேசியிருக்கக்கூடாதா? இவளைக் கூட்டிட்டு வந்தது என் தப்பு சார். நாளைக்கே திருப்பி அனுப்பிடறேன். எழுதிக்குங்க சார், இவ இருக்கமாட்டா இங்க."

ஏஜென்சிக்காரர் கோப்பைத் திறந்தார். எழுதினாரா, சும்மா திறந்தாரா தெரியவில்லை. நர்ஸம்மா சின்னவளைப் பார்த்தபடியே இருந்தாள். அவளுடைய பார்வை மெதுவாக அங்கிருந்து அக்காவுக்குப் போயிற்று, அங்கேயே நின்றது.

அக்கா இரண்டு எட்டு முன்னால் வந்தாள். துண்டை விரித்து நர்ஸம்மாவின் தோளில் போர்த்தினாள். நழுவிய மூலையை இழுத்து, கழுத்தடியில் சரியாகச் செருகினாள். தங்கையின் பக்கம் திரும்பவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படியேறி, பின்கதவு வழியாக உள்ளே போனாள்.